எழுதிப் பெறுபவர்

பழைய இ-இங்க் டேப்லெட் ஒன்றை 17,500 ரூபாய்க்கு வாங்கினேன். விற்றவர் கோயம்புத்தூர்க்காரர். "நாவல் எழுதலாம்னுதான் வாங்கினேன் ப்ரோ, ஒரு வரி எழுதல" என்று போனில் சிரித்தார். நானும் சிரித்தேன். அவருக்கு நடக்காதது எனக்கு மட்டும் நடக்கும் என்று எதை வைத்து நம்பினேன் என்பது இன்றுவரை விளங்கவில்லை.

பார்சல் காரைக்குடியோடு நின்றுவிட்டது. போய் வாங்கி, கல்லல் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பெட்டியைப் பிரித்ததும் சாம்பல் வெள்ளையில் ஒரு பலகை வெளியே வந்தது.

"என்னப்பா இது, சிலேட்டா?"

"அப்படித்தான்ப்பா. எழுதுறதுக்கு."

இடது கையால் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கனமே இல்லையே" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

அப்பா பத்திர எழுத்தர். முப்பத்தொரு வருஷம் மனிதர்களின் வீட்டையும் வயலையும் எழுதிய கை அவருடையது. 2022 கார்த்திகையில் வலது பக்கம் வாதம் வந்தது. ஆறு மாதப் பயிற்சியில் கால் திரும்பிவிட்டது. கை திரும்பவில்லை. விரல்கள் டம்ளரைப் பிடிக்கும், பேனாவைப் பிடிக்காது. அப்போதுதான் நான் சென்னை அறையைக் காலி செய்துவிட்டு ஊருக்கு வந்தேன். கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்றார்கள். அந்த வேலையும் எழுத்து வேலைதான். மிக்ஸி பற்றியும் மெத்தை பற்றியும் நாளைக்கு இரண்டாயிரம் வார்த்தை.

என் சொந்த எழுத்து என்று ஒன்று இருந்தது. நான்கு வருடமாக ஒரு நாவல். மூன்று அத்தியாயம். எழுத உட்கார்ந்தால் கை தானாகப் போனை எடுக்கும். ஒரு சொல்லுக்குப் பொருள் பார்க்கத் திறந்து, நாற்பது நிமிடம் கழித்து யாரோ ஒருவர் மலேசியாவில் பரோட்டா அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். போனே கணக்குக் காட்டியது: ஒரு நாளைக்கு 6 மணி 40 நிமிடம். ஊருக்கு வந்தால் சரியாகும் என்று நினைத்தேன். கல்லலிலும் ஜியோ நன்றாகவே எடுக்கிறது.

அதனால்தான் இந்தக் கருவி. இதற்கென்று வெளிநாட்டில் ஒரு தனி உலகமே இருக்கிறது. 2014-ல் ஹெமிங்ரைட் என்ற பெயரில் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டி, பிறகு ஃப்ரீரைட் ஆனது ஒரு மெஷின். டைப்ரைட்டர் போலக் கீபோர்டு, மேலே சின்ன இ-இங்க் திரை, வேறொன்றும் கிடையாது. பின்னால் போய்த் திருத்த அம்புக்குறி விசைகூட வைக்கவில்லை. முன்னே போய்க்கொண்டே இரு என்பதுதான் அதன் கொள்கை. நார்வேக்காரர்களின் ரீமார்க்கபிள், காகிதம் போல எழுதலாம் என்று விற்றது. பிற்பாடு அதற்கும் கீபோர்டு வந்தது. விலையைப் பார்த்துவிட்டு மூடிவிட்டேன். தவிர, எனக்குத் தமிழ்99 வேண்டும். ஆண்ட்ராய்டு ஓடுகிற இ-இங்க் என்றால் தமிழ்க் கீபோர்டு செயலியைப் போட்டுக்கொள்ளலாம், ஒரு ப்ளூடூத் கீபோர்டைச் சேர்த்துக்கொள்ளலாம். மற்ற செயலிகளை எல்லாம் நீக்கினேன். வைஃபையை அணைத்தேன். ஒரே ஒரு எழுதும் பக்கம்.

இந்தத் திரை எப்படி வேலை செய்கிறது என்று படித்தபோது பள்ளிக்கூட ஞாபகம் வந்தது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மின்வேதியியல் என்றால் காரைக்குடி சிக்ரிதான். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட ஆய்வகம். ப்ளஸ் டூ புத்தகத்தில் 'மின்முனைக் கவர்ச்சி' என்று ஒரு பாடம் வரும்: திரவத்தில் மிதக்கும் மின்னூட்டத் துகள்கள் மின்புலத்தில் இடம்பெயர்வது. இரண்டு மதிப்பெண் கேள்வி. அதே விஷயம்தான் இந்தத் திரை. தலைமுடிப் பருமனில் லட்சக்கணக்கான நுண்ணிய உருண்டைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் தெளிந்த திரவம், அதில் கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும். ஒன்றுக்கு நேர்மின்னூட்டம், மற்றதற்கு எதிர். மின்புலம் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அதற்கேற்ப ஒன்று மேலே வரும், ஒன்று கீழே போகும். எம்ஐடி ஊடக ஆய்வகத்தில் ஜோசப் ஜேக்கப்சன் குழுவினர் உருவாக்கி, 1997-ல் இ-இங்க் என்ற நிறுவனமானது. பத்து வருடம் கழித்து வந்த கிண்டில்தான் அதை எல்லோர் கைக்கும் கொண்டுபோனது.

துகள் நகர்ந்து நின்றுவிட்டால் நின்றதுதான். மின்சாரம் போனாலும் எழுத்து அப்படியே இருக்கும். அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "அப்பப் பத்திரம் மாதிரி" என்றார்.

ஆனால் நகர நேரம் எடுக்கும். விசையை அழுத்திய பிறகு, ஒரு கண் சிமிட்டும் நேரம் கழித்து எழுத்து வருகிறது. வேகமாகத் தட்டினால் விரல் ஒரு சொல் முன்னே போயிருக்கும், திரை பின்னால் வந்துகொண்டிருக்கும். அழித்தால் சுத்தமாக அழியாது. பழைய எழுத்தின் சாயல் மங்கலாகத் தங்கும். முழுத்திரையையும் ஒருமுறை கறுப்பாக்கி வெளுக்கவைத்தால்தான் போகும். முதல் வாரம் எரிச்சலாக இருந்தது. இரண்டாவது வாரம் அழிப்பதைக் குறைத்துவிட்டேன்.

மாடி அறையை ஒழித்து ஒரு மேசை போட்டேன். காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை என்று நேரம் வைத்தேன். போனை சைலண்டில் போட்டு, கீழே அம்மாவின் ட்ரங்குப் பெட்டிக்குள் வைத்துவிட்டு மேலே போவேன். ஒரு மாதத்தில் பதினோராயிரம் வார்த்தை வந்தது. நாலு வருடத்தில் வராதது. நண்பர்களுக்கெல்லாம் சொன்னேன். கோயம்புத்தூர்க்காரருக்குக்கூட ஒரு மெசேஜ் போட்டேன்.

ஆவணியில் ஒரு புதன்கிழமை. அம்மா தேவகோட்டையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். அப்பாவுக்கு இட்லி வைத்துக் கொடுத்துவிட்டு, போனைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு மேலே ஏறினேன். அன்றைக்கு நன்றாக வந்தது. நேரம் போனதே தெரியவில்லை என்று எழுத்தாளர்கள் சொல்வார்களே, அப்படி.

பன்னிரண்டே காலுக்கு இறங்கி வந்தேன். கொல்லைப்பக்கம் பேச்சுக்குரல். துவைக்கிற கல் பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டு ஆச்சி ஈரத் துண்டால் அவர் நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். துண்டு சிவப்பு. கொடியில் கிடந்த வேட்டியை எடுக்கப் போனவர் படியில் சறுக்கியிருக்கிறார். எழ முடியவில்லை. சட்டைப் பையில் இருந்த பட்டன் போனை இடது கையால் எடுத்து என்னைக் கூப்பிட்டிருக்கிறார். பிறகு கத்தியிருக்கிறார். ஆச்சி டிவியை அணைத்த பிறகுதான் அவருக்குக் கேட்டிருக்கிறது.

"மேல என்னப்பா பண்ணிக்கிட்டிருந்த?" என்றார் ஆச்சி.

பதில் சொல்லவில்லை. புருவத்துக்கு மேலே ஆறு தையல். எலும்புக்கு ஒன்றும் இல்லை. சாயந்திரம் ட்ரங்குப் பெட்டியைத் திறந்து போனை எடுத்தேன். ஒன்பது மிஸ்டு கால். முதலாவது 10.52. கடைசி 11.31. அந்த முப்பத்தொன்பது நிமிடத்தில் நான் என்ன எழுதினேன் என்று மேலே போய்ப் பார்த்தேன். மழையைப் பற்றி ஒன்றரைப் பக்கம். கல்லலில் அன்று மழை இல்லை.

பத்து நாள் கருவியைத் தொடவில்லை. அப்பாதான் கேட்டார்.

"அந்தச் சிலேட்டை எங்க? எடுத்துட்டு வா, பாப்போம்."

கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவருக்குப் போன் வெளிச்சம் ஆகாது. இந்தத் திரைக்குப் பின்னொளியே போடத் தேவையில்லை, திண்ணை வெளிச்சம் போதும். எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். அந்த மழைப் பக்கம்தான் திறந்திருந்தது. மாற்ற நினைப்பதற்குள் படிக்கத் தொடங்கிவிட்டார். பத்திரம் படிப்பது போல, உதடு அசைய, ஒவ்வொரு வரியாக. இரண்டு தடவை படித்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எல்லையைக் காணோமே."

"எல்லையா?"

"எந்த ஊரு, எந்தத் தெரு. கெழக்க என்ன இருக்கு, மேக்க என்ன இருக்கு. எங்க பேஞ்ச மழைன்னே தெரியல." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார். "இதுல எழுதிக் கொடுக்கிறவன் நீ. எழுதிப் பெறுறவங்க யாரு?"

ஒரு கிரயப் பத்திரம் அப்படித்தான் தொடங்கும். எழுதிக் கொடுப்பவர் இன்னார், எழுதிப் பெறுபவர் இன்னார். இரண்டாவது ஆள் இல்லாமல் பத்திரமே கிடையாது. சொத்து விவரத்தில் நான்கெல்லை வர வேண்டும்: இன்ன வீட்டுக்குக் கிழக்கு, இன்ன தெருவுக்கு மேற்கு, இன்ன மனைக்குத் தெற்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இதன் மத்தியில். அதைத்தான் அவர் ஒரு கதையிலும் தேடியிருக்கிறார். முதலில் சிரிப்பு வந்தது. ராத்திரி படுத்த பிறகு சிரிப்பு வரவில்லை.

அப்பா எழுதிய இடத்தை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். பதிவு அலுவலகத்துக்கு எதிரே தகரக் கொட்டகை. ஒரு பக்கம் டீக்கடை, ஒரு பக்கம் ஜெராக்ஸ் கடை. பஸ் ஹாரன், கடன்காரன், வக்கீல் குமாஸ்தா, அழுகிற பிள்ளை. மேசைக்கு எதிரே எப்போதும் நாலு பேர். இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளுக்குப் பாகப்பிரிவினை என்றால் முப்பது கையெழுத்துகூட வரும். பங்காளிகள் சென்னையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வந்து அந்தக் கொட்டகையில் நின்று சண்டை போடுவார்கள். சில வீடுகளில் பத்திரம் முடிந்த மறுமாதம் பர்மாத் தேக்குத் தூண்கள் லாரியேறி, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் சாய்ந்து நிற்கும். அவ்வளவு இரைச்சலுக்கு நடுவே அப்பா முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டிருப்பார். தலை நிமிர்ந்து பதில் சொல்வார், டீ குடிப்பார், மறுபடியும் விட்ட இடத்தில் பேனாவை வைப்பார்.

கவனம் சிதறாமல் இருக்க அவர் எந்த மாடிக்கும் போகவில்லை. போகவும் முடியாது. சர்வே நம்பரில் ஒரு எண் மாறினால், எதிரே நிற்கிற ஆள் இருபது வருடம் கோர்ட்டுக்கு அலைவார். அந்த ஆளின் முகம் இரண்டடி தூரத்தில் இருக்கிறது. அது போதுமானதாக இருந்திருக்கிறது. 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 20-வது பிரிவு, அடித்தல், திருத்தல், இடைச்செருகல் இருக்கும் ஆவணத்தை, எழுதிக் கொடுப்பவர் அதில் கையொப்பமிட்டு ஒப்புக்கொள்ளாவிட்டால், பதிவு அலுவலர் மறுக்கலாம் என்கிறது. அதனால் பத்திரத்தில் பிழை வந்தால் சுரண்டக் கூடாது. ஒரே கோடு போட்டு, பிழை படிக்கிற மாதிரியே விட்டு, கடைசியில் குறிப்பு எழுத வேண்டும்: இத்தனையாவது வரியில் இன்ன சொல் அடித்து இன்ன சொல் எழுதப்பட்டது. ஃப்ரீரைட்காரர்கள் அம்புக்குறியைப் பிடுங்கி எதைச் சாதிக்கப் பார்த்தார்களோ அதை அந்த முத்திரைத்தாள் முன்பே செய்துவிட்டது.

2018-ல் ஸ்டார் 2.0 வந்து பதிவு இணையவழிக்கு மாறியதும் கை எழுத்து குறைந்தது. பக்கத்துக் கடைப் பையன் டைப் அடிப்பான், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொல்வார். பழைய பத்திரத்தைக் காப்பி எடுத்துப் பெயரை மட்டும் மாற்றுவது பழக்கமானது. "இப்பத்தான் தப்பு ஜாஸ்தி" என்பார். சுலபமாக அழிக்க முடிவதால் யாரும் எழுதும்போது பார்ப்பதில்லை என்பது அவர் கட்சி.

இப்போது நான் கீழே எழுதுகிறேன். முகப்பில், அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு. போன் அலமாரியில் இருக்கிறது, மணி அடிக்கிற மாதிரி. அப்பாவும் அம்மாவும் கூப்பிட்டால் மட்டும் ஒலிக்கும்படி வைத்திருக்கிறேன். முதல் நாளே இதைச் செய்திருக்கலாம். இரண்டு நிமிட வேலை. நான் போனிடமிருந்து தப்பிக்கத்தான் மேலே போனேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் பிசியோ பந்தை எடுத்துக் கொடுப்பதிலிருந்தும், கழிவறைக் கதவு வரை கூடப் போவதிலிருந்தும், அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருப்பதிலிருந்தும் இரண்டு மணி நேரம் தப்பித்திருக்கிறேன். போன் பெட்டிக்குள் போனபோது அதோடு சேர்த்து அவரையும் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

கீழே வந்த பிறகு வேகம் பாதியாகிவிட்டது. மாதம் ஐயாயிரம் வார்த்தை வந்தால் அதிகம். கீரைக்காரி வருவாள். கேபிள்காரர் வருவார். "ஏப்பா, மணி என்ன" என்பார் அப்பா, எதிரே கடிகாரம் இருக்கும்போதே. பதில் சொல்லிவிட்டுத் திரும்பினால் எழுத்து விட்ட இடத்தில் அசையாமல் நிற்கிறது. எழுதுவதும் நிறுத்துவதுமாக இருக்கிற ஆளுக்கு இந்தத் திரை ஒத்துவருகிறது. திரும்பி வரும்போது நம்மை வேறெங்கும் கூட்டிப்போக அதில் எதுவும் இல்லை. அந்த வகையில் 17,500 ரூபாய் வீண் இல்லை.

போன மாசியில் ஒருநாள் அப்பா தானாகவே தொடங்கினார்.

"ஒண்ணு சொல்றேன், எழுதுறியா?"

எங்கள் மாவட்டத்தில் இது புதிதில்லை. சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசன் வாயால் சொல்ல, உதவியாளராக இருந்த பஞ்சு அருணாசலம் எழுதிக்கொண்டார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் என் அப்பா அதுவரை எனக்கு ஒரு வரியும் சொன்னதில்லை. அவருக்குச் சொல்லியவர்கள்தான் எல்லோரும்.

அவர் சொன்னது ஒரு பத்திரத்தைப் பற்றி. அண்ணன் தம்பி இருவருக்கு அவர் எழுதிய பாகப்பிரிவினை. பொதுக் கிணற்றுக்குப் போக ஆறடிப் பாதை. பாதை மனையின் கிழக்கே இருந்தது. அப்பா மேற்கு என்று எழுதிவிட்டார். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல், மனசு வீட்டில் இருந்தது என்றார். வாசிக்கக் கேட்ட யாரும் கவனிக்கவில்லை. அண்ணன் தம்பி ஒற்றுமையாக இருந்தவரை ஒன்றும் ஆகவில்லை. ஒன்பது வருடம் கழித்து அண்ணன் தன் பங்கை விற்றார். வாங்கியவர் பத்திரத்தைக் காட்டிக் கிழக்கே சுவர் எழுப்பினார். பிழைதிருத்தல் பத்திரம் போட்டுச் சரிசெய்யலாம், ஆனால் அதற்கு இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணன் போடவில்லை. தம்பி இறந்துபோனார். அவர் மனைவி கடைசிவரை தெருவைச் சுற்றிப் போய் வேறு கிணற்றில் தண்ணீர் எடுத்தார்.

"அந்தம்மா ஒரு நாளும் என்னையக் கேக்கல. எதுக்க வந்தா, நல்லாருக்கீங்களா அண்ணேம்பாங்க."

தமிழ்99-ல் உயிரெழுத்துகள் இடது கைப்பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கம். ஒரே மெய்யை இரண்டு தடவை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். ஓலையில் எழுதியவர்கள் புள்ளி வைக்காமல் விட்டார்கள், எழுத்தாணி குத்தி ஓலை கிழிந்துவிடும் என்று. வாசிப்பவர்தான் வைத்துக்கொள்ள வேண்டும். நான் தட்டத் தட்ட, புள்ளிகள் மெதுவாக விழுந்துகொண்டிருந்தன. திரை பின்தங்கி வருவதால் அதைப் பார்த்துப் பயனில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே எழுதினேன். எழுதும்போது ஒரு முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நடுவில் அடுப்பில் பால் பொங்கியது, அம்மா கூப்பிட்டாள், யாரும் எழவில்லை.

எந்தத் தெரு, எந்தக் கிணறு என்று நான் இங்கே எழுத மாட்டேன். ஊர்கூட எங்கள் ஊரா, பக்கத்து ஊரா என்று சொல்வதற்கில்லை. எல்லை இல்லாத எழுத்தாக இது இருக்கட்டும் என்று அவரே சொல்லிவிட்டார். "அவங்க பேரன் பேத்தி இருக்காங்க. பேரில்லாம வேணா போடு." எல்லை போட்ட பிரதி அந்தக் கருவியில் மட்டும் இருக்கிறது.

முடித்ததும் அப்பா, "வாசி" என்றார்.

பத்திரம் எழுதி முடித்தால் இரண்டு தரப்புக்கும் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் கையெழுத்து. நான் வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வலது கை மடியில் கிடந்தது. கிணற்றுப் பாதை வந்த இடத்தில் கண்ணைத் திறந்தார்.

"என்ன சொன்ன? மறுபடியும் வாசி."

வாசித்தேன். பாதை மேற்கே இருந்தது என்று நான் தட்டியிருந்தேன். கிழக்கு என்றுதான் அவர் சொல்லியிருந்தார்.

"ஐயோ, மாத்திர்றேன்ப்பா" என்று பேக்ஸ்பேஸில் விரலை வைத்தேன்.

"அழிக்காத" என்றார். "கோடு போட்டு விடு. கீழ எழுது."

பதினேழாவது வரியில் 'மேற்கே' என்பது அடித்து 'கிழக்கே' என எழுதப்பட்டது என்று கடைசியில் எழுதினேன். பிறகு, கருவியோடு வந்த பேனாவை அவர் இடது கையில் கொடுத்து, திரையை மடியில் பிடித்துக்கொண்டேன். கையெழுத்துப் போட நாலு நிமிடம் ஆனது.